படுக்கை வைத்தியம் போன கதை

முதுகெலும்பில் காசநோய் என்றால் ஒரு காலத்தில் படுக்கைதான் மருந்து. அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். பிரான்சின் பெர்க் கடற்கரை ஊரில் நோயாளிகளை வண்டியில் படுத்த வாக்கிலேயே வைத்து, கடற்காற்று வாங்க வெளியே கொண்டுபோவார்கள். குழந்தைகளை மாவுக்கட்டில் பொதிந்து கிடத்துவார்கள். பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம் அந்தக் கட்டிலோடு சரி.

மருத்துவர்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கிருமி அரித்த முள்ளெலும்பு பாரம் தாங்காமல் நொறுங்கிக் கூன் விழும். தண்டுவடம் நசுங்கினால் கால்கள் இரண்டும் செயலிழக்கும். லண்டனில் பெர்சிவல் பாட் இதை 1779இலேயே விவரித்தார். 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி இருவரும் முள்ளெலும்புகளை ஒன்றாகப் பிணைக்கும் அறுவையைத் தனித்தனியே வெளியிட்டதும் பெரும்பாலும் இந்த நோய்க்காகவே. இன்று தண்டு, திருகு வைத்து முதுகில் செய்யும் அறுவைகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. கிருமியைக் கொல்ல மருந்து கிடைத்த பிறகும் நோயாளியைக் கட்டிலை விட்டு எழுப்ப யாருக்கும் துணிவு வரவில்லை. நைஜீரியாவில் கான்ஸ்டாம் என்ற மருத்துவர்தான் மாத்திரை கொடுத்து நடமாட விட்டார், நோயாளிகள் தேறினார்கள். பிறகு கொரியாவில் முறையான ஆய்வுகள் நடந்தன. மாசானில் ஒரு பிரிவினரை ஆறு மாதம் படுக்கவைத்தார்கள், மறு பிரிவினரை நடக்கவிட்டார்கள். பூசானில் ஒரு பிரிவினருக்கு மாவுக்கட்டு, மறு பிரிவினருக்கு இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவரை, படுக்கையாலும் கட்டாலும் கூடுதல் பலன் ஏதும் இல்லை.

அப்படியானால் அறுவையாவது தேவையா? இந்த அடுத்த கேள்வியைக் கையில் எடுத்தது நம் சென்னை. 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் நோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று அதற்கு முன்பே உலகுக்குக் காட்டியிருந்தது. 1970களில் அது முதுகெலும்புக்கு வந்தது. ஒரு பிரிவுக்குப் பெரிய அறுவையும் ஆறு மாத மருந்தும். இன்னொன்றுக்கு ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாவதுக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 விழுக்காடு. கத்தி தொடாதவர்கள் ஒரு படி மேல்!

ஆனால் 15 வயதுக்கு உட்பட்ட, தொடக்கத்திலேயே கூன் 30 பாகையைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, நோய் ஆறிய பிறகும் வளர வளரக் கூன் கூடிக்கொண்டே போனது. எந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அடையாளங்களை வகுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன். பாதித்த குழந்தைகளை 15 ஆண்டு பின்தொடர்ந்து 2001இல் அதை வெளியிட்டார். என் கணக்கில், மருந்து சோதனைக்கு நிகரான சாதனை இது. யாருக்கு அறுவை வேண்டாம் என்று சொன்ன ஆய்வு, யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்லும்போதுதான் முழுமை பெறுகிறது.

இன்று எம்ஆர்ஐ எலும்பு நொறுங்கும் முன்பே நோயைக் காட்டுகிறது. ஊசியில் எடுத்த சதையைச் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினால் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிகிறது. மருந்து பொதுவாக ஓராண்டு, தேவையானால் 18 மாதம். சென்னை ஆய்வில் ஒன்பது மாதமே போதுமானதாக இருந்தது. ஆனாலும் எலும்பு விஷயத்தில் மருத்துவர்கள் இன்னும் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள்.

மாறாத ஒன்று உண்டு: தாமதம். முதுகுவலிக்குத் தைலம், வலி மாத்திரை, நீவிவிடுதல் என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வாரக்கணக்கில் விடாத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு என்று ஏதேனும் சேர்ந்தால் நீவிவிட்டு நாள் கடத்தாதீர்கள். குழந்தை முதுகு வலிக்கிறது என்றால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்துக்குக் காசு கிடையாது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும்.