ஸ்க்ரூ டிரைவரும் பெங்களூருவும்… இதெல்லாம் தெரியுமா?

கையைச் சாய்த்தால் திரையில் இருக்கும் உருண்டை அந்தப் பக்கமாக உருளும் விளையாட்டை ஐபோன் வந்த பிறகுதான் உலகம் பார்த்தது என்று நினைக்கிறீர்களா? ஐபோன் வந்தது 2007-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னாடியே, 2004 மார்ச்சில், அதே வித்தையோடு ஒரு கையடக்கக் கணினி பெங்களூருவிலிருந்து விற்பனைக்கு வந்துவிட்டது! பெயர், அமிடா சிம்ப்யூட்டர். சாய்வை உணரும் ஆக்ஸலரோமீட்டர் அதற்குள் இருந்தது. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் பிராசசர், லினக்ஸ், தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு செருக ஓர் இடம். விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கியது. தயாரித்துக் கொடுத்தது யார் தெரியுமா? ராணுவத்துக்கு ரேடார் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸ்!

இதன் பின்னால் இருந்தவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய பேராசிரியர்களும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்துப் பொறியாளர்களும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணினி பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளும் அதில் இருந்தது. என்னை அசர வைப்பது வேறொரு சங்கதி. லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் அல்லவா? அதே மாதிரி இந்தக் கருவியின் வன்பொருள் வடிவமைப்புக்கும் ஒரு திறந்த உரிமம் எழுதினார்கள். எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபமும் பார். ஆனால் நீ செய்த முன்னேற்றத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திருப்பிக் கொடு. திறந்த வன்பொருள் என்று இன்று உலகம் கொண்டாடும் ஆர்டுயினோ போர்டு பிறந்தது 2005-ல்! சிம்ப்யூட்டர் சில ஆயிரம்தான் விற்றது என்பது உண்மை. அதற்காக அதைத் தோற்றுப்போன பொருள் என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

பெங்களூருவின் மின்னணு வரலாற்றில் மாட்டுவண்டிக்கு இரண்டு முறை இடம் கிடைத்திருக்கிறது, தெரியுமா? 1981-ல் ஆப்பிள் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சோதிக்க வேண்டும். இரும்பு லாரியில் ஏற்றினால் அலைகள் பட்டுத் திரும்பி அளவுகள் கெட்டுப்போகும். மரத்தாலான மாட்டுவண்டியை 150 ரூபாய் வாடகைக்குப் பிடித்து, செயற்கைக்கோளை அதன் மேல் உட்கார வைத்துவிட்டார்கள்! அந்தத் திட்டத்தின் இயக்குநர் நம்ம ஊர்க்காரர் ஆர்.எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். நாலே வருஷம் கழித்து, 1985-ல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த ஊரில் கடை விரித்தபோது அதன் சாட்டிலைட் டிஷ் வந்து சேர்ந்ததும் மாட்டுவண்டியில்தான்.

அப்படித் தொடங்கிய சிப் வடிவமைப்பு எங்கே போய் நின்றது என்கிறீர்களா? 2008-ல் இன்டெல் வெளியிட்ட ஆறு கோர் ஜியான் சர்வர் பிராசசர், 190 கோடி டிரான்சிஸ்டர்களோடு, பெங்களூரு அணியின் கைவண்ணம்!

சரி, சிப்பை வரைபவர்கள் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கட்டும். அதைப் பிடுங்கி மறுபடி ஒட்டுபவர்களைப் பார்க்க பெங்களூருவின் எஸ்.பி. ரோடுக்கு வாருங்கள். டவுன் ஹாலிலிருந்து நடந்துவிடலாம். ஆளுக்கு ஒரு மேஜை, மேலே வட்ட விளக்கு, அதில் பூதக்கண்ணாடி. போர்டின் மேல் ஃப்ளக்ஸைத் தடவி ஹாட் ஏர் கன்னைப் பிடிக்கிறார் ஒருவர். மெல்லிய புகை எழும்புகிறது. சிப்பின் ஓரத்தை ட்வீசரால் லேசாகத் தொட்டுப் பார்க்கிறார். அது ஒரு மயிரிழை நகர்ந்து, தானாகவே பழைய இடத்துக்கு வந்து உட்காருகிறது. ஈயம் உருகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கேட்டால் கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி, இந்தியில் மிச்சம் என்று பதில் வரும்.

இந்த ஹாட் ஏர் வித்தையே ஏமாற்றிய கதையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-ன் முன்பக்க வட்டத்தில் முக்கால் பங்கு சிவப்பாக எரிந்தால் கருவி போயே போச்சு என்று அர்த்தம். உலகம் முழுக்க அத்தனை கருவிகள் செத்து விழுந்ததில், 2007-ல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது! போர்டுக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் ஈயக் குண்டுகள் விரிசல் விடுகின்றன என்று நம்பி, ரிப்பேர்காரர்கள் சிப்பைக் கழற்றி, புதுக் குண்டுகள் வைத்து ஒட்டி ரீபால் பண்ணினார்கள். வேலையும் செய்தது, கொஞ்ச நாளைக்கு. 2021-ல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஆவணப்படத்தில் விஷயம் உடைந்தது. விரிசல் விட்டவை சிப்பின் உறைக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய இணைப்புகள்! ஆன் செய்தால் சூடு, ஆஃப் செய்தால் குளிர் என்று மாறி மாறி இழுபட்டே அவை அறுந்திருக்கின்றன. ரீபால் பண்ணக் கொடுத்த சூட்டில் அவையும் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டதே அந்தக் கொஞ்ச நாள் ஆயுளின் ரகசியம்.

இதைவிட எனக்குப் பிடித்தது சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கேம் பெட்டியின் கதை. ஒரிஜினல் டிஸ்க்கையும் நகலையும் அது எப்படிப் பிரித்தறிந்தது தெரியுமா? நாலே எழுத்து! டிஸ்க்கின் உள்விளிம்பில் தடம் நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து ஓடும். அந்த நெளிவில் ஜப்பான் டிஸ்க்கென்றால் எஸ்.சி.இ.ஐ., அமெரிக்க டிஸ்க்கென்றால் எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பிய டிஸ்க்கென்றால் எஸ்.சி.இ.இ. என்ற எழுத்துகள் ஒளிந்திருக்கும். கணினியில் நகல் எடுக்கும்போது தகவல் மட்டும் ஏறும். காலி சி.டி.யில் தடம் முன்கூட்டியே போடப்பட்டிருப்பதால் நெளிவு ஏறவே ஏறாது. சரி, உடைத்தவர்கள் என்ன செய்தார்கள்? எட்டுக் காலுள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, நாலைந்து ஒயர் பற்றவைத்து, அந்த நாலு எழுத்தையும் ஓயாமல் உச்சரித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டார்கள்! அதுதான் மோட் சிப். திருட்டு சி.டி. ஓட்டத்தானே அது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆமாம். ஆனால் அமெரிக்காவிலிருந்து மாமா ஆசையாக வாங்கி வந்த ஒரிஜினல் டிஸ்க்கூட நம் ஊர் கருவியில் ஓடாதே? காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு எல்லைக்கோடு போட்டது எந்த வகையில் நியாயம்?

எக்ஸ்பாக்ஸ் 360-ன் பூட்டு இன்னும் கெட்டியானது. 2011-ல் அதைத் திறந்த விதத்தைக் கேளுங்கள். கருவி கிளம்பும்போது, அடுத்து ஓடவேண்டிய நிரல் அசல்தானா என்று ஒரு ஹேஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக அந்த நேரத்தில் பிராசசரின் வேகத்தைக் குறைத்து, ரீசெட் காலில் சுமார் 100 நானோ நொடிக்கு ஒரு தட்டு! ஒளியே அதற்குள் முப்பது மீட்டர்தான் ஓடும். அவ்வளவு குட்டித் தட்டில் பிராசசர் ரீசெட் ஆகாது, தடுமாறும். தடுமாறிய அந்தக் கணத்தில் பொருந்தாத எண்ணைப் ‘பொருந்துகிறது’ என்று சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் பலிக்காது, பலிக்கும் வரை, இதற்கென்றே ஒட்டவைத்த சிப் தட்டிக்கொண்டே இருக்கும்.

பிளேஸ்டேஷன் 3 விஷயத்தில் பூட்டுக்காரரே சாவியைக் கொடுத்துவிட்டார்! நிரல் அசல்தான் என்று காட்ட டிஜிட்டல் கையெழுத்து போடும் ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு தற்செயல் எண் வேண்டும் என்பது அதன் கணித விதி. சோனி எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தது. இரண்டு கையெழுத்து கிடைத்தால் போதும், பள்ளிக்கூட அல்ஜிப்ராவிலேயே ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஹேக்கர்கள் இதை மேடையேறிச் சொன்னார்கள். அதே கருவிகளைக் கோத்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியலாளர் 2007-லேயே கருந்துளை ஆராய்ச்சி செய்தார் என்பது தெரியுமா? சோனியே லினக்ஸ் போட அனுமதித்திருந்த காலம் அது. 2010 ஏப்ரலில் ஓர் அப்டேட்டில் அந்த அனுமதியைப் பறித்துக்கொண்டது. விற்ற பொருளிலிருந்து வசதியைப் பிடுங்குவதுதான் தப்பு என்பேன், பிரித்துப் பார்ப்பது தப்பில்லை.

நம் சட்டமும் இதில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. அந்த ‘நோக்கத்தோடு’ என்பதைக் கவனியுங்கள்! பாதுகாப்புச் சோதனைக்கும் குறியாக்க ஆராய்ச்சிக்கும் அதே பிரிவு வழி விட்டிருக்கிறது.

ஆசை வந்துவிட்டதா? அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனுக்கு அடியிலேயே வொர்க்பெஞ்ச் ப்ராஜெக்ட்ஸ் என்றொரு பொதுப் பட்டறை தொடங்கப்பட்ட ஊர் இது. சொந்தக் கருவி இல்லாதவரும் போய் அறுக்கலாம், பற்றவைக்கலாம். வீட்டிலேயே பழைய கேம் பெட்டியைத் திறப்பதாக இருந்தால் பவர் சப்ளையை மட்டும் தொடாதீர்கள். அதிலிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அது இறங்காமலே நிற்கும், தெரியுமா?