சப்ளையர் எப்போது சாப்பிடுவார்?

மதுரையில் பரோட்டாக் கடைக்கு மாலையில்தான் பொழுது விடிகிறது. மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவைத்துவிட்டால் ஆறு, ஆறரைக்குக் கல் சூடேறிவிடும். ஏழரையிலிருந்து பத்தரை வரை மூச்சுவிட நேரம் கிடையாது. "மாஸ்டர், நாலு செட் பார்சல்!", "ரெண்டு முட்டை வீச்சு, ஒரு கொத்து!" என்று சப்ளையரின் குரல் ஓயாது. பதினொன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, மேசை துடைத்து, கல்லாக் கணக்கை முடித்த பிறகுதான் கடை ஆட்கள் தங்களுக்கு இலை போடுகிறார்கள். இலையில் விழுவது விற்காமல் மிஞ்சிய பரோட்டா, சட்டியின் அடியில் தங்கிய சால்னா, வாய்த்தால் ஒரு ஆம்லெட். மூன்றில் நிறுத்தலாம் என்று உட்காருபவர் ஐந்தில் எழுந்திருப்பார். அடுத்த அரைமணியில் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார்.

சென்னையின் பிரியாணிக் கடைகள், நெடுஞ்சாலை மோட்டல்கள், ஆர்டர் வந்தால் மட்டும் சமைத்து அனுப்பும் கிச்சன்கள், மலேசியாவின் ‘மாமாக்’ உணவுக் கடைகள் என எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். ஊருக்கு ராத்திரிச் சாப்பாடு போடுகிறவர்களுக்குத் தங்கள் ராத்திரிச் சாப்பாடு மறுநாள் கணக்கில்தான் விழுகிறது.

சாப்பாட்டுக்கு நடுவிலேயே நிற்பவருக்குப் பசி ஒரு பிரச்சினையா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர் கேட்கலாம். அடுப்படியில் நிற்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். கல்லருகே நிற்கும்வரை பசியே தெரியாது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய எட்மண்ட் ரோல்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஓர் உணவை விழுங்காமல், சில நிமிடங்கள் முகர்ந்தாலே அந்த உணவின் வாசனை மீதுள்ள ஆசை குறைந்துவிடுகிறது. வீட்டில் விருந்து சமைத்த அம்மா கடைசியில் "எனக்கு மோர்சாதம் போதும்" என்று சொல்வதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் உடம்பு தன் கணக்கை மறப்பதில்லை. ஆறு மணி நேரம் நின்று, நடந்து, வேர்த்து, தட்டு சுமந்த உடம்பு அது. வேலை ஓய்ந்து, புகையும் வாசனையும் அடங்கியதும் அத்தனை நேரப் பசியும் ஒரே மூச்சில் வந்து இறங்குகிறது. அந்த நேரத்தில் யாரும் கீரையைத் தேடுவதில்லை. கையெட்டும் தூரத்தில் சூடாக, எண்ணெயாக, காரமாக எது இருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். இதை மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களின் குறையென்று பேசுவது நியாயமில்லை. குறை வேலை நேரத்தின் அமைப்பில் இருக்கிறது.

பெரிய பரோட்டா ஒன்றில், எண்ணெயோடு சேர்த்து, 250 முதல் 300 கலோரி இருக்கும். நான்கு என்றால் சால்னாவுக்கு முன்பே ஆயிரத்தைத் தொட்டுவிடும். பகலில் அதே நான்கைச் சாப்பிட்டாலும் அதே கலோரிதானே, நேரத்தில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை இயக்கும் மூலக்கூறுகளைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டியபின் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உறக்கத்துக்கான ஏற்பாடு அது. அதே ஹார்மோன் கணையத்திடமும் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. சர்க்கரையைக் கையாளும் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் மைதா லோடு வந்து இறங்குகிறது.

ஸ்பெயினில் 845 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகவே அளந்தது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஒரு நாளும், ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு நாளும் எல்லோருக்கும் ஒரே அளவு குளுக்கோஸ் கரைசல் கொடுத்தார்கள். தாமதமாகக் குடித்த நாளில் இன்சுலின் குறைவாகச் சுரந்தது, ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறியது. பாஸ்டனில் நடந்து அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு சோதனையில் உடல் எடை கூடிய 16 பேருக்கு ஒரே சாப்பாட்டைச் சில நாட்கள் சீக்கிரமாகவும், சில நாட்கள் சுமார் நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்ட நாட்களில் பசி கூடியது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தது. உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்தது. இந்த இரண்டு ஆய்விலும் பரோட்டா மாஸ்டர் யாரும் இல்லை. பாஸ்டன் ஆய்வு மிகச் சிறியதும்கூட. ஆனாலும் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இது தமிழ்நாட்டுக்கு அலட்சியம் செய்யக்கூடிய செய்தி அல்ல. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டுக்கு அது சொன்ன அளவு 14.4 சதவீதம். அதாவது, பெரியவர்கள் ஏழு பேரில் ஒருவர்.

இதற்கிடையே டீ. பசி தெரியாமல் இருக்க ஹோட்டல் தொழிலாளிக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு முதல் பத்து கிராம். ஒரு ஷிஃப்டில் ஆறு டீ குடித்தால் சர்க்கரை மட்டும் 48 முதல் 60 கிராம் வரை ஆகிவிடும். ஒரு முழு நாளைக்கே 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அதோடு, குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்த டீ மூன்று மணிக்கும் விழித்திருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பதும் தெரிந்த விஷயமே. 2004-இல் வெளிவந்த சிகாகோ ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் உயர்ந்தது. டீயை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம், சர்க்கரை அரை ஸ்பூன் போதும் என்று டீ மாஸ்டரிடம் சொல்லிவைப்பது நடக்கக்கூடிய காரியம்.

சரி, என்னதான் செய்வது? பன்னிரண்டு மணிப் பசியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை; அதற்கு முந்திக்கொள்ள வேண்டும். அன்றைய பெரிய சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு, முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் நடந்துவிட வேண்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. ஸ்பெயினின் ரோசெஸ் ஊரில் இருந்த எல் புல்லி ஒரு காலத்தில் உலகின் தலைசிறந்த உணவகமாகப் பேசப்பட்டது. வாடிக்கையாளருக்கு நுரையும் உருண்டையுமாக விசித்திரங்களைப் பரிமாறிய அந்த இடத்தில், கதவு திறப்பதற்கு முன் சுமார் 75 ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாதாரண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அதன் தலைமைச் சமையற்காரர் ஃபெரான் அட்ரியா அந்த ஊழியர் சாப்பாட்டுக்கென்றே 2011-இல் தனியாக ஒரு சமையல் புத்தகம் போட்டார். ஜப்பானிய உணவகங்களிலும் கடை ஆட்களுக்கான சாப்பாடு தனி மரபு; பல இடங்களில் அதைச் சமைப்பது இளையவர்களுக்கான பயிற்சி.

மதியச் சாப்பாடு போடும் நம் கடைகளிலும் மிஞ்சிய சாதம், சாம்பார், கூட்டு, பொரியல் நாலரை மணிக்குக் கைவசம் இருக்கத்தான் செய்கிறது. அவற்றோடு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்ந்தால் போதும். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் ஒன்பது கிராம் புரதம், ஏழெட்டு கிராம் நார்ச்சத்து. புரதமும் நாரும் வயிற்றில் நின்று பேசும். வெறும் பிஸ்கட்டும் டீயும் ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிடும். கூடுதல் செலவு பெரிதல்ல. முதலாளி விட்டுக்கொடுக்க வேண்டியது அரைமணி நேரம்தான், அதுவும் வியாபாரம் சூடுபிடிக்காத அரைமணி. கால் கடுக்க நிற்கும் கடை ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நேரத்துக்கு ஒரு தட்டுச் சோறு என்பதும் சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

ஐந்து மணிக்கு வயிறு நிறைந்தாலும் எட்டரை, ஒன்பதுக்கு ஒரு தளர்வு வரும். அப்போது உட்கார்ந்து சாப்பிட அவகாசம் கிடைக்காது. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, ஒரு வாழைப்பழம் என இரண்டு நிமிடத்தில் முடிகிற எதுவும் சரி. கல்லருகே நிற்பவர் அதையும் ஓரமாக வந்து சாப்பிட வேண்டும். பொரித்த சிக்கனில் ஒரு துண்டு, வடையில் ஒரு விள்ளல், உப்பு பார்க்க ஒரு கரண்டி சால்னா என்று போய்க்கொண்டே இருந்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் இடுப்பில் சேரும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பத்தில் வேலை செய்பவர்கள் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் பரிந்துரை. அடுப்புக்கு முன் நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கு இது அப்படியே பொருந்தும். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று குடிக்காமல் நிற்பவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்கள். கடையில் ஒழுங்கான கழிவறை இல்லாவிட்டால் தண்ணீர் பற்றிய அறிவுரையெல்லாம் வெறும் பேச்சு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு குடம் இருந்தால் நல்லது. பாட்டில் குளிர்பானம் அந்த இடத்தை நிரப்பாது.

அப்படியானால் கடை மூடியபின் ஒன்றுமே சாப்பிடக்கூடாதா? கூடாது என்று சொன்னால் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. பசித்த வயிற்றோடு தூக்கமும் வராது. இரண்டு இட்லி சாம்பார், கொஞ்சம் ரசம் சாதம், ஒரு தம்ளர் பால் என்று சின்னதாக முடித்துக்கொள்ளலாம். தோசைக்கல்லும் இட்லிக் குண்டானும் இருக்கும் கடையில் இது கஷ்டமில்லை. சாப்பிட்டதும் சாயாமல் இருப்பது முக்கியம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள் என்பது நெஞ்செரிச்சலுக்கு மருத்துவர்கள் சொல்வது. ஒரு மணிக்குப் படுப்பவருக்கு அது வாய்க்காது என்பதால்தான் அந்தச் சாப்பாடு சிறியதாக இருக்க வேண்டியிருக்கிறது. பால்கனியில் துவைத்த துணியை உலர்த்துவது, பாத்திரம் கழுவுவது என்று அரைமணி நேரம் நடமாடினாலும் லாபம்.

சான் டியாகோ நகரத்துத் தீயணைப்பு வீரர்களிடம் சச்சிதானந்த பாண்டா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியின் குழு 12 வாரம் ஒரு முறையைச் சோதித்தது. 24 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அவர்கள். அன்றாடம் சாப்பிடுவதையெல்லாம் பத்து மணி நேரத்துக்குள் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பலரால் முடிந்தது, ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்தவர்களுக்கு அதில் முன்னேற்றமும் தெரிந்தது. பரோட்டாக் கடைக் கணக்கில் மொழிபெயர்த்தால், காலை பத்தரைக்கு முதல் சாப்பாடு, ஐந்து மணிக்குப் பெரிய சாப்பாடு, எட்டரைக்குக் கடலையோடு முடிவு. எல்லா நாளும் சாத்தியமில்லை. வாரத்தில் நாலு நாள் முடிந்தாலே பெரிய விஷயம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இதைத் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டு, கூட்டத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், குளிர வேர்க்கும், கண் மங்கும். கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் அது பெரிய ஆபத்து. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் உட்கார வேண்டும். தெளியவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மருந்துச் சீட்டில் 'இரவு, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதும் மருத்துவரின் மனதில் இருப்பது எட்டு மணி. அவர் கேட்காவிட்டாலும், "டாக்டர், நான் ஹோட்டல்ல சப்ளையர். என் ராத்திரிச் சாப்பாடு பன்னெண்டு மணிக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார்.