வானத்தில் இரு போட்டியாளர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தலைக்கு மேலே விமான ஒலி கேட்டால் அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் எவரும் இலர். ஆனால், அது எவ்வளவு தூரம் பறக்கும், எப்படிப் பறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று கண்டம் விட்டுக் கண்டம் இடைநில்லாது செல்லும் விமானங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று அமெரிக்காவின் போயிங் 787. மற்றொன்று ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ350. முன்னது 2011-லும், பின்னது 2015-லும் பயணிகளை ஏற்றத் தொடங்கின. இவற்றுள் எது சிறந்தது?

முதலில் ஒரு சிறு கணக்கு. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். இத்தூரத்தை ஒரே மூச்சில் கடக்கும் ஏ350-900-இன் நெடுந்தூர வகையில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோ எனக் கொண்டால் அது 132 டன். விமானம் மேலெழும்போது இருக்கக்கூடிய மொத்த எடையே 280 டன்தான். பயணிகளோ 161 பேர். மூட்டை முடிச்சோடு ஆளுக்கு 100 கிலோ என்றாலும் 16 டன்! தொலைவிலுள்ள சந்தைக்குப் புறப்பட்ட மாட்டுவண்டியில் சரக்கைவிட மாட்டுக்கான வைக்கோலே மிகுந்திருப்பது போன்றது இது. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. ஆகவே, எடையே நெடுந்தூர விமானத்தின் முதல் எதிரி.

இவ்வெதிரியை வெல்ல இரு நிறுவனங்களும் அலுமினியத்தைக் குறைத்தன. கார்பன் இழைகளைப் பிசினோடு சேர்த்து இறுக்கிய கூட்டுப்பொருளே 787-இன் எடையில் சுமார் 50 சதவீதம். ஏ350-இல் 53 சதவீதம். ஆனால் செய்முறை வேறு. போயிங் உடற்பகுதியைப் பீப்பாய் போல் முழு வளையங்களாகச் செய்கிறது, இணைப்புகள் குறைகின்றன. ஏர்பஸ் நீண்ட பலகைகளாகச் செய்து சட்டங்களின்மீது பொருத்துகிறது. இடத்துக்கேற்பப் பலகையின் கனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் பயணிக்கும் நன்மை உண்டு. முன்னாளைய விமானங்களின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் உள்ளது போல் குறைந்திருக்கும். இவ்விரண்டிலும் அது 6,000 அடி அளவே. உதகைக்கும் மேலே இருந்தவர் குன்னூருக்கு இறங்கி வந்தாற்போல!

இரண்டும் பெரிதும் வேறுபடுவது மின்சாரத்தில். ஏ350 பழைய முறைப்படி, எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பகுதியைப் பயணிகள் அறைக்கு எடுத்துக்கொள்கிறது. 787-இலோ மின்விசையால் இயங்கும் அழுத்திகள் வெளிக்காற்றை உள்ளே செலுத்துகின்றன. எடை குறையும் என்று லித்தியம்-அயனி மின்கலங்களும் அதில் இடம்பெற்றன. விளைவு என்ன? 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த 787 ஒன்றில் மின்கலம் தீப்பற்றியது. சில நாட்களில் ஜப்பானில் மற்றொன்று புகைந்தது. உலகிலுள்ள 787 விமானங்கள் யாவும் சுமார் மூன்று மாதம் தரையில் நின்றன. மின்கலத்தை உறுதியான எஃகுப் பெட்டியில் அடைத்து, புகை வெளியேற வழி செய்த பின்னரே அவை மீண்டும் பறந்தன. இதைக் கண்ட ஏர்பஸ், தன் ஏ350-க்கு முதலில் நிக்கல்-காட்மியம் மின்கலத்தையே வைத்தது. ஒருவர் பட்ட அடி மற்றவருக்குப் பாடமாயிற்று.

2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் 787 ஒன்று வீழ்ந்து 260 பேர் மாண்ட துயரம் நம் நெஞ்சை விட்டு அகலாது. எனினும், ஒரு விபத்தைக் கொண்டு ஒரு விமான வகையையே பழிப்பது அறிவியல் முறையாகாது.

அப்படியானால் எது சிறந்தது? ஏ350-900 உருவில் பெரியது; கூட்டம் மிகுந்த வழிக்கு ஏற்றது. 787-9 சற்றுச் சிறியது. பயணிகள் குறைந்த வழியிலும் கட்டுப்படியாகும். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500 கிலோமீட்டரை 2018 முதல் இடைநில்லாது கடப்பது அதுவே. வழியைச் சொல்லாமல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு என்பதும், அவ்விலையை முன்கூட்டியே கணக்கிடுவதே பொறியியல் என்பதும் இவ்விரு போட்டியாளர்களும் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.