கல்வட்டத்தின் வயதைச் சொல்லும் பானை

வட தமிழகத்தின் கொல்லைமேடுகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் பெரிய குண்டுக் கற்கள் வட்டமாகப் பதிந்து கிடப்பதைப் பலர் கண்டிருக்கலாம். கிராமத்தார் இவற்றுக்குப் பாண்டவர் கதையைச் சொல்வதுண்டு. உண்மையில் இவை இரும்புக் கால மக்கள் இறந்தோரை அடக்கம் செய்த இடங்களாகும். வட்டத்தின் நடுவே, மண்ணுக்கடியில், தாழியோ கல்லறையோ சுடுமண் ஈமப்பேழையோ இருக்கும்.

இவ்வட்டங்களை அமைத்தது எப்போது? கல்லைச் சோதித்தால் விடை கிடைக்காது. இப்பகுதிப் பாறைகள் பல சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை. கல் பிறந்த காலம் வேறு. அதை மனிதன் நட்ட காலம் வேறு. இரண்டாவதை அறிய உள்ளே இருக்கும் பானை உதவுகிறது.

களிமண்ணில் நுண்ணிய குவார்ட்ஸ் மணிகள் கலந்துள்ளன. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு இம்மணிகளில் பட்டு எலெக்ட்ரான்களைப் பெயர்க்கிறது. அவற்றுள் சில, படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் சிக்கிக் கொள்கின்றன. விருத்தாசலத்தில் சூளை எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் மண் சுடப்படும்போது, சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபட்டுவிடும். கடிகாரத்தின் முள்ளைச் சுழிக்குத் திருப்பி வைத்தது போன்றது இது. சூளை ஆறிய நாளிலிருந்து எலெக்ட்ரான்கள் மறுபடியும் சேரத் தொடங்கும்.

அந்தப் பானை ஓட்டை ஆய்வுக்கூடத்தில் சூடேற்றினால், விடுபடும் எலெக்ட்ரான்களால் மங்கிய ஒளி தோன்றும். இதுவே வெப்ப ஒளிர்வு. ஒளியின் அளவைக் கொண்டு ஓடு பெற்ற மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிடலாம். அது 9 கிரே என்றும், ஆண்டுக்குப் பெற்றது 0.003 கிரே என்றும் கொள்வோம். வகுத்தால் வயது 3,000 ஆண்டுகள்!

சூட்டுக்குப் பதிலாக ஒளியைப் பாய்ச்சியும் இதை அளக்கலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த ஓடுகளுக்கு இம்முறையில் கி.மு. 2400-களைச் சார்ந்த காலம் கிடைத்ததாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் வெளியிட்டது. கரித்துண்டு கிடைத்தால் கார்பன் முறை கைகொடுக்கும். திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஈமப்பேழையோடு கிடைத்த கரி கி.மு. 1692 எனக் காலம் காட்டியது.

இங்கு ஒன்றை மறக்கக் கூடாது. ஆண்டுக் கதிர்வீச்சில் கணிசமான பங்கு பானையைச் சூழ்ந்த மண்ணிலிருந்தே வருகிறது. ஆகவே அந்த மண்ணையும் அளந்தாக வேண்டும். எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாத ஓடு, கணக்கில் வகுக்கும் எண்ணை இழந்த ஓடாகும். புதையல் ஆசையால் தோண்டப்பட்டும், ஜல்லிக்காக உடைக்கப்பட்டும் கல்வட்டங்கள் அழிகின்றன. ஆர்வமுள்ள மாணவர் பானையை எடுத்து வந்து கழுவி வைத்தாலும் இழப்பு இழப்பே.

கல்வட்டத்தைக் கண்டால் படம் எடுங்கள். கற்களை எண்ணிக் குறியுங்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பானை மட்டும் மண்ணிலேயே இருக்கட்டும்.