இரண்டு திடப்பொருள்கள் சேர்ந்தால் திரவமாகுமா?

திருக்கழுக்குன்றத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். மூன்றையும் ஒரு குப்பியிலிட்டுக் குலுக்கினால் அடுப்பும் வேண்டாம், நீரும் வேண்டாம். சற்று நேரத்தில் தைலமாகிவிடும். தலைவலிக்குத் தடவ வீடுகளில் செய்யும் தைலம்தான் இது. (பெயரில் உப்பு இருந்தாலும் வேதியியல் சொல்லும் உப்புகள் அல்ல இவை. ஓம உப்பு தைமால். புதினா உப்பு மென்தால். பத்தாம் வகுப்பில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

ஏன் திரவமானது? "காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிட்டது" என்று மாணவர்கள் சொல்லக்கூடும். ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மங்களைப் படித்தவர்களுக்கு அது இயல்பான விடை. ஆனால் தனித்தனித் தட்டில் வைத்தால் இரண்டும் படிகமாகவே இருக்கின்றன. உலர்ந்த, மூடிய குப்பியில் சேர்த்தாலோ திரவமாகின்றன. "வினை நடந்து புதிய சேர்மம் உருவானது" என்பது அடுத்த விடை. சேர்மம் என்றால் குறிப்பிட்ட விகிதம் வேண்டுமே! இங்கே அளவைக் கூட்டிக் குறைத்தாலும் திரவம் வருகிறது.

தைமால் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸிலும், மென்தால் 42 டிகிரியிலும் உருகும். கலந்தபின் ஒன்றின் மூலக்கூறுகள் மற்றதன் படிக ஒழுங்கைக் கெடுப்பதால் உருகுநிலை இறங்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் வரும் உறைநிலைத் தாழ்வுதான். வெள்ளீயம் 232 டிகிரி, காரீயம் 327 டிகிரி. தக்க அளவில் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும். இத்தகைய மிகக் குறைந்த உருகுநிலைக் கலவைக்கு யூடெக்டிக் என்று பெயர். தைமாலுக்கும் மென்தாலுக்கும் இடையே வலுவான ஹைட்ரஜன் பிணைப்பும் உண்டாவதால், கணக்கிட்டு எதிர்பார்ப்பதைவிடவும் உருகுநிலை கீழே போகிறது. அதனால்தான் 'ஆழ்' யூடெக்டிக் கரைப்பான் என்கிறார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபோட் குழுவினர் 2003இல் இதைத் துலக்கமாகக் காட்டினர். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு 302 டிகிரியிலும், வயலுக்குப் போடும் யூரியா 133 டிகிரியிலும் உருகுபவை. ஒன்றுக்கு இரண்டு மோல் விகிதத்தில் கலந்தபோது உறைநிலை 12 டிகிரிக்கு இறங்கியது. 2011இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். சர்க்கரை, சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், அமினோ அமிலம் போன்றவை தாவர செல்லில் ஏராளம். அவை கலந்து, நீரும் அல்லாத கொழுப்பும் அல்லாத மூன்றாவது திரவமாகச் செல்லுக்குள் இருக்கலாம் என்றனர். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் மஞ்சளின் குர்குமின்போல நீரில் கரைய மறுக்கும் பொருள்கள் இத்தகைய கலவைகளில் நன்கு கரைகின்றன.

ஹெக்சேன் போன்ற கரைப்பான்களைப்போல இவற்றில் பல எளிதில் ஆவியாவதில்லை, தீப்பிடிப்பதுமில்லை. அதுவே இடைஞ்சலும்கூட: கரைந்த பொருளைப் பிரிக்கக் கரைப்பானை ஆவியாக்கிவிட முடியாது. பல கலவைகள் பாகுபோலக் கெட்டியானவை. 'இயற்கை' என்பதால் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். தைமால் தோலையும் கண்ணையும் அரிக்கும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

ஆகவே சோதனையை ஆசிரியரே செய்யட்டும். மூடியுள்ள சோதனைக்குழாயில் இரண்டு கிராம் தைமால், இரண்டு கிராம் மென்தால் போதும், கற்பூரம் தேவையில்லை. கலக்கும்போது வெப்பநிலை சற்று இறங்கும். அதை விரலால் தொட்டு முடிவு செய்யக் கூடாது. தோலில் மென்தால் பட்டாலே குளிர்வதுபோல் தோன்றும், வெப்பநிலை மாறாவிட்டாலும். வெப்பமானி வையுங்கள்.