விஸ்வநாத நாயக்கர்: மதுரையில் 72 பாளையங்கள் வந்தது எப்படி?

பரவையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறினால் ஆரப்பாளையம் வரும். தென்மேற்கே போனால் ராஜபாளையம், மேற்கே போனால் உத்தமபாளையம். 'பாளையம்' என்றால் படை தங்கும் இடம். எல்லா பாளையம் ஊர்களுக்கும் ஒரே வரலாறு கிடையாது. ஆனால், இந்தச் சொல்லைத் தென்தமிழ்நாட்டின் அரசியலாகவே மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர்தான் விஸ்வநாத நாயக்கர்.

ராஜாவா, கவர்னரா?

1529-ல் மதுரை ஆட்சிக்கு வந்தார் விஸ்வநாதர். ஆனால் அவர் தனி ராஜா இல்லை, விஜயநகரப் பேரரசின் பிரதிநிதி. சிம்பிளாகச் சொன்னால், ஐரோப்பாவின் 'டியூக்' மாதிரி. அந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலம் 'டுக்ஸ்', அதாவது படைத்தலைவர். நாயக்கர் என்றாலும் தலைவர்தான். பேரரசர் நிலம் கொடுப்பார். பதிலுக்கு இவர்கள் வரியும் படையும் தரவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அனுப்பிய ஆளே ஊரைச் சொந்தமாக்கிக்கொண்டால்?

அப்பாவையே கைது செய்தாரா?

மரபுக் கதை அப்படித்தான் சொல்கிறது. பாண்டியருக்கு உதவ அனுப்பப்பட்ட தளபதி நாகம நாயக்கர், சோழரை வென்றபின் மதுரையைத் தானே வைத்துக்கொண்டார். கோபமான பேரரசர், 'அவரைப் பிடித்துவர யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்க, முன்வந்தது அவருடைய மகன் விஸ்வநாதர். அப்பாவைத் தோற்கடித்துக் கைதியாகக் கொண்டுபோய் நிறுத்தினாராம். அப்பாவுக்கு மன்னிப்பு, மகனுக்கு மதுரை!

72 கணக்கு என்ன?

தெற்கே ஏற்கெனவே ஆயுத பலத்தோடு பல தலைவர்கள் இருந்தார்கள். எல்லோரோடும் சண்டை போடுவது நடக்காத காரியம். எனவே விஸ்வநாதரும் அவரது தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாக இவர்களே காவல் பொறுப்பு என்பது மரபு.

வருமானத்தை மூன்றாகப் பிரிப்பது பொதுவான வழக்கம். ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. இதுபோக ஊர்க்காவலுக்கும் தனி வரி. மொத்தச் சுமையும் உழுகிறவர் தலையில்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. மதுரையின் மீதான அதன் பிடி தளர்ந்தது. திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் பேரரசருக்குக் கப்பம் கட்டுவதே நின்றுபோனது. நாகமர் செய்யப்போய் மாட்டிக்கொண்ட அதே விஷயத்தை, விசுவாசமான மகனின் வாரிசுகள் செய்துமுடித்தார்கள்!

அடுத்த ரவுண்டு பாளையக்காரர்களுடையது. 1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. மேலே ஆள் இல்லை, பாளையங்கள் மட்டும் அப்படியே இருந்தன. வரி கேட்டு வந்த ஆங்கிலேயரை நெற்கட்டான்செவல் பூலித்தேவரும் பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனும் எதிர்த்தது இந்தப் பின்னணியில்தான். 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-க்குப் பிறகு கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார் ஆனார்கள். 1948-ல் வந்த சட்டம் அந்த ஜமீன்களையும் ஒழித்தது.

இப்போ எங்கே பார்க்கலாம்?

மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சிலை, அரியநாதருடையது. கொத்தளங்களோடு நின்ற கோட்டைச் சுவர் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. சுவரும் அகழியும் இருந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன.