எல்லாம் சுற்றுகிறதா?

தரம் 10இல் உவமையணி படிப்பித்துக்கொண்டிருந்தேன். உதாரணம் கேட்டபோது ஒரு மாணவன் எழும்பி, "சேர், சூரியனைக் கோள்கள் சுத்துற மாதிரி அணுவுக்குள்ள இலத்திரன் சுத்துது" என்றான். வகுப்பே கைதட்டியது. நானும் 'சரி' என்று சொல்லிவிட்டேன். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் அந்தச் 'சரி' எவ்வளவு பிழை என்பது விளங்கியது.

அணு முதல் அண்டம் வரை எல்லாம் ஒரே மாதிரிச் சுற்றுகின்றன என்று மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். உண்மையில், அளவு மாற அசைவின் முறையும் மாறுகிறது.

முதலில் ஞாயிற்றுத் தொகுதி. சூரியனுக்கு அருகிலுள்ள புதன் செக்கனுக்கு ஏறக்குறைய 47 கிலோமீற்றர் ஓடுகிறது, பூமி 30, தொலைவிலுள்ள நெப்டியூன் 5 சொச்சம்தான். தூரம் கூடக் கூட ஈர்ப்பும் வேகமும் குறைகின்றன.

பால்வீதிக்குப் போனால் இந்தக் கணக்குப் பிசகுகிறது. சூரியன் தன் கோள்களோடு அதன் மையத்தைச் செக்கனுக்குச் சுமார் 220 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் 1970களில் வீரா ரூபின் முதலானோர் பால்வீதி போன்ற வேறு விண்மீன் கூட்டங்களை அளந்தபோது, வெளியோர விண்மீன்களின் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அங்கே இழுக்கிறது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் விளக்கம்.

இனி அணு. 1911இல் ரதர்போர்ட் அணுக்கருவைப் பற்றி அறிவித்தபின் கோள் உவமை பரவியது. ஆனால் மின்னேற்றமுள்ள துணிக்கை வளைந்து ஓடினால் சக்தியை இழக்கும். கண் இமைப்பதற்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையே! இலத்திரனுக்குக் குறித்த சில பாதைகளே உண்டு என்றார் நீல்ஸ் போர், 1913இல். 1926இல் வந்த ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் பாதையே இல்லாமற் போனது; இலத்திரன் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவே மிஞ்சியது. ஐதரசனின் மிகத் தாழ்ந்த சக்தி நிலையில், கருவைச் சுற்றுவதற்குரிய கோண உந்தம் பூச்சியம். அதாவது அங்கே இலத்திரன் சுற்றவே இல்லை.

உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் என்பது நாம் படித்த இலக்கணம். கோளுக்கும் இலத்திரனுக்கும் பொதுவானது, மையத்திலிருந்து வரும் இழுவிசை. உவமை அத்தோடு முடிகிறது. அதற்கப்பால் நீட்டினால் பிள்ளைகள் பிழையான படத்தையே ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள்.

அடுத்த பாடத்தில் அவனை எழுப்பி, "மகன், அண்டைக்கு நான் 'சரி' எண்டது பிழை" என்று விளக்கினேன். "அப்ப அது என்னதான் செய்யுது சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியோடு அவனை விஞ்ஞான ஆசிரியரிடம் அனுப்பிவைத்தேன்.